அத்தியாயம் 4: ஈரக் குப்பையும் தாழ்ந்த நிலமும்

கடலூர், சிதம்பரம் ஆகிய இந்த இரண்டு ஊர்களிலும் குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும் கடைசியில் அது தண்ணீரில்தான் போய்ச் சேருகிறது. கடலூருக்கு வடக்கே தென்பெண்ணை, மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே கெடிலம், முதுநகர்ப் பக்கம் உப்பனாறு. மூன்றுக்கும் கடல் கூப்பிடு தூரம். சிதம்பரமோ காவிரிப் பாசனத்தின் கடைமடை. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், ஊரை ஒட்டிக் கான்சாகிப் வாய்க்காலும் பாசிமுத்தான் ஓடையும். மழைக்காலத்தில் பல தெருக்களில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். நிலத்தடி நீர் ஆழத்தில் கிடக்கும் மேட்டு ஊருக்கு எழுதிய குப்பைத் திட்டத்தை இங்கே அப்படியே எடுத்துப் போட முடியாது.

அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் இந்த மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் பெய்து முடிந்துவிடும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 நவம்பரில் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று இந்தத் தலைமுறை பார்த்ததே போதும். மழை மிகுதியாகப் பெய்தது ஒரு பக்கம். பெய்த மழை வடிய வேண்டிய சாக்கடையில் பாலித்தீன் பையும் தெர்மாகோல் தட்டும் அடைத்துக்கொண்டு நிற்பது இன்னொரு பக்கம். முதலாவதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது முழுக்க நம் கையில் இருக்கிறது.

கான்சாகிப் வாய்க்கால் வழியே சிதம்பரத்திலிருந்து இறங்கும் நீர் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த காடு அது. சுரபுன்னையின் முட்டு வேர்களில் ஊரிலிருந்து மிதந்து வந்த பை ஒன்று சிக்கினால் எந்த அலையும் அதை எடுத்துப் போகாது. வேர்களுக்கு நடுவே வளரும் இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும் அதோடு வாழ வேண்டிய நிலை. நடராசர் கோயிலின் தல மரமான தில்லை இயற்கையாக வளர்வதை இன்று பார்க்க வேண்டுமானால் அந்தக் காட்டுக்குத்தான் போக வேண்டும். சிதம்பரத்துக்காரர் வாய்க்காலில் வீசும் ஒவ்வொரு பையும் அந்த மரத்தின் காலடிக்குப் போகிறது என்பதைத் தெருக்கூட்டங்களில் சொல்லத் தயங்காதீர்கள். நுண்நெகிழி பற்றிய விளக்கத்தைவிட இது மனத்தில் தைக்கும்.

கலந்த குப்பை என்ன செய்கிறது

சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் குவிந்த மேட்டுக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் அழுகும் ஈரக் குப்பையிலிருந்து மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 27 மடங்குக்குக் குறையாமல் புவியைச் சூடேற்றும் வாயு இது. தீப்பிடிக்கவும் கூடியது. குப்பை மேடு கோடையில் தானாகப் புகைவது இதனால்தான். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் பிடித்த தீ நகரத்தையே நாள்கணக்கில் புகையில் மூழ்கடித்தது. கொழும்பில் மீதொட்டமுல்ல குப்பை மலை 2017 ஏப்ரல் 14ஆம் தேதி, சித்திரைப் புத்தாண்டு அன்றே, குடியிருப்புகள் மீது சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

நம் ஊர்களில் மேடு அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் சாறு இறங்குகிறது. மழை நீர் குப்பைக்குள் புகுந்து கறுத்த சாறாகக் கசியும்போது, கடலூரின் கரையோர மணல் அதைத் தடுத்து நிறுத்தாது. நேராகக் கிணற்றுக்கும் போர்த் தண்ணீருக்கும் இறங்கும். ஆற்றங்கரையில் குப்பை கொட்டுவதை ஊர்க்காரர்கள் எதிர்ப்பது நாற்றத்துக்காக மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்ப்பவர்கள் தங்கள் குடிநீரைக் காக்கிறார்கள்.

சாற்றுக்கும் மீத்தேனுக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரக் குப்பை. அதைத் தனியே பிரித்துவிட்டால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் காய்ந்த சரக்கு. அது அழுகாது, நாறாது, காயலான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குவார். ஆகவே இந்த அத்தியாயம் முக்கால் பங்கு ஈரக் குப்பையைப் பற்றியே பேசும்.

அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கடலூர் நகராட்சியில் 1,73,636 பேர், சிதம்பரத்தில் 62,153 பேர். அதற்குப் பிறகு 2021இல் கடலூர் மாநகராட்சி ஆனது. இன்றைய எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், பழைய எண்ணிக்கைக்கே கடலூரில் 52 டன், சிதம்பரத்தில் பதினெட்டரை டன். இதில் பாதிக்குக் குறையாமல் ஈரக் குப்பை. அதாவது இரண்டு ஊரும் சேர்ந்து தினம் 35 டன். பத்து வீட்டில் ஒரு வீடு தன் ஈரக் குப்பையைத் தானே உரமாக்கினால் நாளுக்கு மூன்றரை டன் வண்டியில் ஏறாது. எல்லாரும் செய்தால்தான் பயன் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வீட்டில் எப்படிப் பிரிப்பது

2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொன்னன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய விதிகள் நாப்கின், டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவைத் தனி வகையாக்கி நான்காக்கியுள்ளன. நான்கு வாளி வாங்க வேண்டிய அவசியம் இல்லை. தினசரிப் புழக்கத்துக்கு இரண்டு வாளி, சுகாதாரக் கழிவுக்கு மூடியுள்ள சின்ன டப்பா, அலமாரி மேல்தட்டில் ஓர் அட்டைப் பெட்டி. அந்தப் பெட்டியில் தீர்ந்த பேட்டரி, உடைந்த டியூப்லைட், காலாவதியான மாத்திரை, பெயிண்ட் டப்பா ஆகியவை போகும். மாதம் ஒரு முறை கொடுத்தால் போதும்.

ஈர வாளிக்குள் பிளாஸ்டிக் பை விரிக்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பை விரித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தால், பிரித்த வேலையெல்லாம் வீண். உரக் கிடங்கில் யாராவது அந்த முடிச்சை அவிழ்த்து அழுகலுக்குள் கைவிட வேண்டும். வாளி ஒட்டுகிறது என்றால் அடியில் ஒரு செய்தித்தாள் துண்டையோ வாழை இலைத் துண்டையோ போடுங்கள்.

பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் முனையைத் துண்டாக வெட்டிப் போடுகிறோம். அந்த நகத்தளவுத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள். அது சாக்கடைக்குப் போகும், இல்லையென்றால் உரத்தில் கலக்கும். முனையை முழுக்க அறுக்காமல் ஒரு வெட்டு மட்டும் கொடுத்தால் துண்டு பாக்கெட்டோடு ஒட்டியே இருக்கும். பாலை ஊற்றியதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, கொடியில் மாட்டிக் காயவிடுங்கள். காய்ந்த பால் பாக்கெட்டைப் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார். மூன்று நாள் பால் நாற்றத்தோடு கிடந்ததை எடுக்க மாட்டார்.

நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். புனே நகரில் குப்பை சேகரிக்கும் பெண்கள் கேட்டுப் பெற்ற வழக்கம் இது. பொட்டலத்தைப் பார்த்ததுமே உள்ளே என்ன என்று தெரிந்துவிடுவதால் பிரித்துப் பார்க்க நேராது. உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி ஆகியவற்றைத் தடித்த அட்டைப் பெட்டிக்குள் போட்டு ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர் பலர் கையுறை இல்லாமலும் கிழிந்த கையுறையோடும் வேலை செய்கிறார்கள். கலந்த குப்பை அவர்கள் கையைத்தான் கிழிக்கிறது. பிரித்துக் கொடுப்பதற்குச் சட்டத்தைவிட, உரத்தைவிட, எனக்கு இதுவே பெரிய காரணம்.

வண்டி வரும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்போது வாளியைக் கையில் கொடுங்கள். வாசலில் வைத்துவிட்டுப் போனால் நாய் கவிழ்க்கும், மாடு வாய் வைக்கும். தெருமாட்டின் வயிற்றிலிருந்து கிலோக்கணக்கில் பாலித்தீனை அறுத்தெடுக்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். சோறு வாசனை அடித்த பையைத்தான் அது தின்றிருக்கும்.

தொட்டி உரம்: மழைக்காலத்துக்கும் சேர்த்து

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி மூன்று போதும். மண்பானை இருந்தால் இன்னும் நல்லது, வியர்த்துக்கொள்ளும். வாளியென்றால் பக்கங்களில் விரல் நுழையாத துளைகள், அடியில் நான்கைந்து துளைகள் போடுங்கள். கீழே ஒரு தட்டு. அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சருகு. அதன்மேல் ஒரு கை காய்ந்த சாணத்தூள், கிடைக்காவிட்டால் புளித்த மோர் தெளியுங்கள்.

பிறகு அன்றாடம் வரும் ஈரக் குப்பையைப் போட்டு, போட்ட அளவுக்கு அதே அளவு காய்ந்த பொருளால் மூடுங்கள். வெற்றி தோல்வி எல்லாம் இந்த மூடுவதில் இருக்கிறது. ஈரக் குப்பையில் தழைச்சத்து மிகுதி, காய்ந்த பொருளில் கரி மிகுதி. நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரி 25 முதல் 30 பங்கு வேண்டும். காய்ந்த பொருளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சம் இல்லை. தென்னை நார்க்கழிவு, மரத்தூள், சிதம்பரம் பக்கம் வைக்கோலும் பதரும், எல்லாத் தெருவிலும் பூவரசு, புங்கஞ் சருகு. நார்க்கழிவை ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். உப்பு இருந்தால் செடி வாடும். தெருவில் கூட்டிய சருகைக் கொளுத்துவதை நிறுத்திச் சாக்கில் கட்டி வைத்தாலே வருடம் முழுக்க வரும். புரட்டாசிக்குள் இரண்டு சாக்கு சேர்த்துவிடுங்கள், ஐப்பசியில் காய்ந்த சருகுக்கு எங்கே போவது?

மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு கம்பால் கிளறி விடுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து நன்றாகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் நார்க்கழிவு சேருங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் மோர் தெளியுங்கள். நாற்றம் வந்தால் காற்று போகவில்லை, கிளறிச் சருகு போடுங்கள். பழுப்பு நிறத்தில் தடித்த புழு நெளிந்தால் பயந்து வாளியைக் கவிழ்த்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது, குப்பையை வேகமாகத் தின்று தீர்க்கும். கோழி வளர்க்கும் அண்டை வீட்டார் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

எலும்பு, எண்ணெய்ப் பண்டம், மீந்த குழம்பு இதில் வேண்டாம். தயிர்ச்சோறு ஒரு கை போனால் கெட்டுப்போகாது. எலுமிச்சைத் தோல் கொஞ்சமாகப் போடுங்கள்.

முதல் வாளி நிறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பிறகு மூடி, மழை படாத ஓரத்தில் ஒன்றரை மாதம் விட்டு வையுங்கள். அதற்குள் மற்ற வாளிகள் ஓடும். திறக்கும்போது மழை விழுந்த மண்ணின் வாசனை வந்தால் உரம் தயார். கரையோர மணலில் தண்ணீர் நிற்காது, இந்த உரம் பிடித்து வைக்கும். சிதம்பரத்துக் களிமண் வெயிலில் பிளந்து மழையில் பிசுபிசுக்கும், இந்த உரம் அதைப் பொலபொலப்பாக்கும். எதிரெதிரான இரண்டு மண்ணுக்கும் மருந்து ஒன்றே.

இடமும் ஆளும் இருக்கும் பள்ளி, விடுதி, கோயில் நந்தவனம் போன்ற இடங்களுக்கு மண்புழு உரத் தொட்டி ஏற்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரும்பாலைக் கழிவையும் மண்புழுவையும் வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இயற்கை வேளாண்மைக்கு ஊர் ஊராக நடந்த கோ. நம்மாழ்வார் வேளாண்மை படித்ததும் அங்கேதான். வழி கேட்க வெளியூர் போக வேண்டியதில்லை.

மீன் கழிவு

கடலூரில் குப்பை பற்றி எழுதிவிட்டு மீனை விட்டுவிட முடியாது. முதுநகர்த் துறைமுகம், தேவனாம்பட்டினம், தெருமுனை மீன் கடைகள் என்று தினமும் செதிலும் குடலும் செவுளும் சேர்கின்றன. வீட்டு வாளியில் இதைப் போட்டால் இரண்டாம் நாளே பூனையும் ஈயும் வரும். இதற்குத் தனி வழி இருக்கிறது, இயற்கை விவசாயிகள் நன்றாக அறிந்தது: மீன் அமிலம். மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம எடை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, மேலே நான்கு விரற்கடை இடம் விட்டு மூடி, நிழலில் வையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. கண்ணாடிச் சாடி வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். முதல் வாரத்தில் அவ்வப்போது மூடியை லேசாகத் திருகி வாயுவை விட்டுவிடுங்கள். மூன்று வாரம் கழித்துத் தேன் நிறத்தில் சாறு பிரிந்திருக்கும், பழ வாசனை வரும். வடிகட்டி 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம்.

வீட்டுக்கு இது போதும். சந்தைக்கு இது தாங்காது. சந்தையில் மீன் கழிவைத் தனித் தொட்டியில் வாங்கி அன்றன்றே அப்புறப்படுத்தும் ஏற்பாட்டை உள்ளாட்சிதான் செய்ய வேண்டும். மீன் விற்கும் பெண்கள் அதற்குத் தயாராகவே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது தண்ணீரும் தொட்டியும்.

தேர் வீதியும் கல்யாண மண்டபமும்

ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளிலும் கூட்டம் நெருங்கும். தேர் நகர்ந்து போன வீதியில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர் பாட்டில், காகிதக் கப், அன்னதானத் தட்டு. காகிதக் கப் மக்கும் என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதனால்தான் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பூச்சு போட்ட காகிதக் கப்பும் தட்டும் சேர்க்கப்பட்டன. துணி போலவே தோன்றும் பூக்கடை, ஜவுளிக்கடைப் பையும் பட்டியலில் உண்டு. அந்தப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊடும் பாவும் தெரிந்தால் துணி. புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் மட்டும் தெரிந்தால் பிளாஸ்டிக்.

அன்னதானம் செய்பவர்களிடம் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள். அன்றைக்குப் போய்ச் சொன்னால் சண்டைதான் வரும். பிரசாதத்துக்குத் தொன்னை, தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளரும் கழுவ ஒரு அண்டாவும், பக்கத்தில் ஒரு ஆள். பூக்கட்டும் இடத்தில் நைலான் நூலுக்குப் பதிலாக வாழைநார் என்றால் மாலை முழுசாகவே உரக்குழிக்குப் போகலாம். நூலைப் பிரிக்க ஆள் தேடுவதைவிட நாரை வாங்குவது சுலபம்.

மண்டபத்துக் கணக்கு வேறு. ஆயிரம் பேர் சாப்பிடும் கல்யாணத்தில் எச்சில் இலையும் மீந்ததும் ஆளுக்கு 100 கிராம் என்று வைத்தாலே 100 கிலோ. நாளொன்றுக்கு 100 கிலோ கழிவு உண்டாக்கும் இடத்தைப் பெருமளவுக் கழிவு உற்பத்தியாளர் என்று விதிகள் வரையறுத்து, ஈரக் குப்பைக்கு அவர்களையே பொறுப்பாக்குகின்றன. மண்டபம் எடுக்கும்போதே சமையல்காரரிடம் சொல்லுங்கள்: இலைக்குள் தண்ணீர் பாட்டிலையும் ஐஸ்கிரீம் கப்பையும் மடித்து வைக்க விடாமல், பந்தி முடிந்ததும் அவற்றைத் தனியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேர் கூலிதான் மொத்தச் செலவு.

உள்ளாட்சியிடம் என்ன கேட்பது

பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்பது எல்லா ஊரிலும் கேட்கும் புகார். கோபத்தில் பிரிப்பதை நிறுத்திவிடாதீர்கள். வண்டியில் தனித்தனிப் பெட்டி இருக்கிறதா, ஈரக் குப்பை எந்த நுண்ணுரக் கூடத்துக்குப் போகிறது, அங்கே இடம் போதுமா என்று வார்டு உறுப்பினரிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் தெருவாகச் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள். தேதியும் இடமும் போட்ட புகைப்படம் ஒன்று பத்துப் பேச்சுக்குச் சமம். 2022 முதல் நகர்ப்புறத்திலும் பகுதி சபா கூடுகிறது. அதில் வைத்த கோரிக்கை பதிவேட்டில் ஏறும். பணியாளரைக் கடிந்துகொள்ள வேண்டாம். பெட்டி இல்லாத வண்டியை அவர் கையில் கொடுத்தது யார் என்று கேட்பதே நியாயம்.

பழைய மேட்டுக்கு உயிரியல் அகழ்வு முறை இருக்கிறது. மேட்டை வரப்பு வரப்பாக வெட்டி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்துப் புரட்டிக் காயவைத்துச் சலித்தால் மண், கல், பிளாஸ்டிக் என்று பிரியும். எரியக்கூடியதை அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகள் எரிபொருளாக எடுத்துக்கொள்ள முடியும். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூரில் இந்த வேலை நடக்கிறது. ஆனால் ஒரு பக்கம் அகழ்ந்துகொண்டு மறுபக்கம் கலந்த குப்பையைக் கொட்டினால் மேடு மறுபடி எழும். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கும்போது, புதிதாகக் கொட்டுவதை எந்தத் தேதியில் நிறுத்துவீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மழைக்கு முந்திய வேலையை ஆவணி, புரட்டாசியிலேயே வற்புறுத்துங்கள். சாக்கடை தூர்வாருவது வழக்கமாக நடக்கும், ஆனால் வாரிய சேற்றைச் சாக்கடை ஓரத்திலேயே குவித்து வைத்துப் பிறகு எடுக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். முதல் மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே போகும். வாரிய சேறு கொஞ்சம் வடிந்ததும் இரண்டு நாளுக்குள் லாரியில் ஏற வேண்டும் என்று வேலை தொடங்கும் அன்றே எழுதிக் கேளுங்கள். ஏறவில்லையென்றால் மூன்றாம் நாள் படம் எடுத்து அனுப்புங்கள்.